தீனி வேளை

தையற்காரரும் எலக்ட்ரீஷியனும் பொழுதுபோக்காகத் தொடங்கிய வண்ணமீன் வியாபாரம் அது. கார் கொட்டகையில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். தீனி போடுவது எலக்ட்ரீஷியன் வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஒருநாள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து இறந்துபோனார்.

அதன்பின் தையற்காரர் போட்ட தீனியை மீன்கள் தொடவேயில்லை.

“ஏன்டா, அவன் வந்து ஊட்டினாத்தான் தின்பீங்களா? பெரிய மாப்பிள்ளைங்க!” என்று திட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். நண்பன் வளர்த்ததைச் சாகவிட்டால் அவன் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

வண்ணமீன் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பட்டினியா? வயிறு எப்படி உப்பியிருக்கு பாருங்கண்ணே. யாரோ வேளாவேளைக்குப் போடுறாங்க.”

கொட்டகைக்கு இருந்த ஒரே சாவி தையற்காரரின் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வந்து, கடைசித் தொட்டியருகே நின்றுகொண்டார். முதல் தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பிறகு இரண்டாவது தொட்டியில். பிறகு அடுத்ததில். ஓர் ஆள் நிதானமாக நடந்துவருகிற வேகத்தில் ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீர் சலசலத்தது.

பக்கத்துத் தொட்டிவரை வந்ததும், தையற்காரர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.