உள்ளே நடந்த பாடம்

1962 மாசித் திருவிழாவுக்குச் சாணார்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் மூன்று நாள் நாயனம் வாசித்துவிட்டு, ஒச்சப்பன் காலை பஸ்ஸில் நாகல் நகர் வந்து இறங்கினார். அவர் தனிக்கட்டை. ஊரில் இருக்கும் நாட்களில், காலையில் வீட்டிலேயே நாலைந்து பேருக்கு நாயனம் சொல்லிக்கொடுப்பார்.

தெருமுனையில், அவரிடம் படிக்கும் பூட்டுப் பட்டறைக்காரர் சோலைமுத்து எதிரே வந்தார்.

"நேத்து சொல்லிக் குடுத்தீகளே மோகனம், அது மனச விட்டே போகல வாத்தியாரே."

"நேத்தா? மூணு நாளா நான் ஊர்லயே இல்லையே அப்பு."

"வெளையாடாதீக. மூணு நாளும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீக? அம்புட்டுப் பொறுமையா ஒருநாளும் சொல்லிக் குடுத்ததில்ல."

இன்றைக்குப் பட்டறையில் அவசர வேலை, பாடத்துக்கு வரவில்லை என்று சொல்லி, சோலைமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ நாயனம் வாசித்துத் தடுமாறினார்கள். "பரவாயில்ல, செத்த நேரம் மூச்சு வாங்கிட்டு வாசி" என்றது ஒரு குரல். அது ஒச்சப்பனின் குரல்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலும் சேர்ந்து சிரித்தது. மனைவி சிவனம்மாள் போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருடத்தில் ஒச்சப்பன் சிரித்ததே இல்லை.

கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். பாடத்தைக் கலைக்க மனம் வரவில்லை. சத்தம் போடாமல் படியிறங்கிப் போய், நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.