நாற்பத்திரண்டாம் நம்பர் பாட்டில்

“இதை எழுதினவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, வெர்ன்?”

ரோண்டா வெர்ன் வீட்டுச் சமையலறை மேஜைமேல் அந்தத் தாளை வைத்தாள். தான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக இங்கேதான் வந்திருந்தாள்.

பார்த்ததுமே வெர்ன் ஹாகனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் கைப்பட எழுதியதல்லவா அது!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் வீட்டிலேயே பீர் காய்ச்ச ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெர்ன்தான் தலைவர். முப்பது வருஷ அனுபவம். சங்கத்துப் போட்டிக்கு வரும் பாட்டிலில் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். எவ்வளவு மட்டமாக இருந்தாலும் ஐம்பதுக்குப் பதிமூன்று மார்க்காவது போட்டுவிடுவது அங்கே ஒரு மரியாதை. நாற்பத்திரண்டாம் நம்பர் பாட்டிலுக்கு, நடுவராக உட்கார்ந்திருந்த வெர்ன் பதினொன்று போட்டார். அதோடு விட்டாரா? பக்கத்து நடுவர்கள் சிரிக்கிறார்களே என்ற குஷியில் மார்க் தாளில் ரெண்டு வரியும் எழுதி வைத்தார்.

அது ரோண்டாவின் புருஷன் கர்ட்டிஸ் காய்ச்சிய பீர் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவள் வாய்விட்டே படித்தாள். “பாத்திரம் கழுவின தண்ணி இதைவிட ருசியா இருக்கும். தயவுசெஞ்சு இந்த வேலையை விட்டுடுங்க.”

“கர்ட்டிஸ் என்ன சொல்றான்?” என்றார் வெர்ன், தாளைப் பார்க்காமல்.

“என்னத்தச் சொல்வாரு? மில்லுல வேலை போனதுல இருந்து எட்டு மாசம் சோபாவே கதின்னு கிடந்த மனுஷன். பீர் காய்ச்ச ஆரம்பிச்சப்புறம்தான் எந்திரிச்சாரு. பீர் பொங்கற வாளிக்கு முன்னாடி நாற்காலியைப் போட்டுக்கிட்டு, மூடிக் குழாயில எத்தனை குமிழி வருதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பாரு, சின்னப் பிள்ளையாட்டம். இதை நான் வாங்கிட்டு வந்து குடுக்க, படிச்சதும் வாளி, பானை எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டு மறுபடி சோபாவுல போய்ப் படுத்துட்டாரு. நான்தான் எல்லாத்தையும் திரும்ப உள்ள எடுத்து வெச்சிருக்கேன்.”

காபி ஊற்றிக்கொண்டிருந்த வெர்னின் மனைவி ஆர்லீனுக்குப் பொறுக்கவில்லை. “அடப் பாவமே! எவன் அவன், இப்படி எழுதினது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். யாரா இருக்கும், வெர்ன்?”

சொல்லியிருக்கலாம். ‘நான்தாம்மா, ஏதோ வாய்க்கொழுப்பு, மன்னிச்சுக்கோ’ என்று நாலு வார்த்தை. ஆனால் பெண்டாட்டி எதிரே நிற்கிறாள். தலைவர் என்கிற கெத்து வேறு.

“அது... வெளியூர்ல இருந்து ரெண்டு நடுவருங்க வந்திருந்தாங்க. கொஞ்சம் மண்டைக்கனம் பிடிச்ச ஆளுங்க.”

“அவங்கதானா? நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?”

“பின்னே? நம்ம ஊர் ஆளு இப்படி எழுதுவானா?”

ரோண்டா காபியை ஒரு வாய் குடித்தாள்.

“சரி, விடுங்க. எங்க தப்பு பண்ணினோம்னாவது சொல்லுங்க. நானும் குடிச்சுப் பாத்தேன், ஒரேயடியாப் புளிச்சுக் கிடந்துச்சு.”

“பொங்கிக்கிட்டு இருக்கறப்போ வாளி மூடியைத் திறந்தானா?”

“ஒரு நாளைக்கு நாலு தடவை! என்னை வேற கூப்பிட்டுக் காட்டுவாரு.”

“அவ்வளவுதாம்மா விஷயம். திறக்கத் திறக்கக் கண்ட கிருமியும் உள்ள போயிடும். முதல் தடவை எல்லாரும் பண்றதுதான். நானும் அப்படித்தான் கெடுத்தேன்.”

இதில் பொய் இல்லை. ஆசை அடங்காமல் திறந்து திறந்து பார்த்து, முதல் வாளியை அப்படியே சாக்கடையில் கொட்டியவர்தான் அவரும். இந்த ஒரு விஷயத்தைத் தாளில் எழுதியிருந்தால் போதுமே, பாவி, என்று மனசு அடித்துக்கொண்டது.

“இதை நீங்களே வந்து அவர்கிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்பாரு. நீங்க சொன்னா எந்திரிச்சு உக்காருவாரு.”

“சனிக்கிழமை வர்றேன். கூடவே உக்காந்து ஒரு வாளி காய்ச்சிக் குடுத்துட்டுத்தான் கிளம்புவேன்.”

ரோண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், “அந்தத் தாள் இங்கேயே இருக்கட்டும், வெர்ன். வீட்டுல இருந்தா எடுத்து எடுத்துப் படிச்சுக்கிட்டு இருப்பாரு” என்றாள்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று தாளைக் கையில் எடுத்தார். அடி ஓரம் பின்பக்கமாக மடித்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது. இதென்ன என்று பிரித்தார்.

நடுவர் பெயர் இருக்கும் அடித்துண்டை வெட்டிவிட்டுத்தான் சங்கத்துச் செயலாளர் தாளைக் கொடுப்பார். இதில் வெட்ட மறந்திருந்தார். கொட்டை எழுத்தில் ‘வெர்ன் ஹாகன்’. பக்கத்திலேயே கையெழுத்து.

ஆர்லீன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“கர்ட்டிஸ் கண்ணுல படாம இதை ஒட்டி வெச்சுட்டு, எல்லாம் தெரிஞ்சேதான் வந்திருக்கா, பாவம்,” என்றாள். “உங்க வாயாலயே வந்துடும்னு மூணு தடவை கேட்டுப் பாத்திருக்கா.”