நீலத்தின் மேல் மஞ்சள்

போடியில் அந்த ஏலக்காய்க் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்றாம் வாரம். காலை முழுவதும் காய் பொறுக்கிய பொன்னுமணியின் கண்ணுக்கு, மத்தியானத்தில் திரையின் பச்சை எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. நேற்று அவள் அடித்த ஏலப் பட்டியலில் இரண்டு பிழை. இன்றும் பிழை விழுந்தால் அவள் இடத்துக்கு மதுரையிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவான். அவள் கையேட்டை மடியில் விரித்து, நிறம் மாற்றும் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு விசையாக அழுத்துகிறாள். “மெஷினைக் கெடுத்துராத ஆத்தா. இருக்குற கலருக்கு என்ன கொறைச்சல்?” என்கிறார் கணக்கர் ராஜாராம். “காலையிலேர்ந்து பச்சையத்தான பாக்குறேன்? ஒருநா நீங்க காய் பொறுக்கிப் பாருங்கண்ணே, தெரியும்.” திரை சட்டென்று இருண்டுபோகிறது. ராஜாராம் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். அவள் தயங்காமல் அடுத்த விசையை அழுத்த, நீலத்தின் மேல் மஞ்சள் எழுத்துகள் பெரிதாக வந்து நிற்கின்றன. அவர் பட்டியலை எடுத்து முதல் எடையை வாசிக்கிறார். அவள் அதை அடித்து முடித்து, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்: “வெரசா வாசிங்கண்ணே.”