ஓர மடிப்பு

ஆனிக் காற்று தச்சநல்லூர் அலுவலகத்தின் ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது. கணினி முன்னால் இருக்கும் இஞ்சினியர் அனுராதாவின் கையில் ஓர் இரும்புத் தகட்டுத் துண்டு. நாங்குநேரிக் கல்யாண மண்டபக் கூரையைத் தாங்கும் சட்டத்தில் வெட்டிய மிச்சம் அது. வேலை எவ்வளவு சுத்தம் என்று காட்டத்தான் கூரை போட்ட பெனிட்டோ கொண்டுவந்திருக்கிறார். அவள் விரல் ஓரத்தில் மடிப்பைத் தேடுகிறது. வெறும் விளிம்புதான் நறுக்கென்று படுகிறது. மெல்லிய தகட்டுக்கு முதுகெலும்பே அந்த மடிப்புதான். “மடிப்பு எங்க அண்ணாச்சி?” “அதுவா? வெல்டிங் ராடு உள்ள போவ இடைஞ்சலா இருந்துச்சு மேடம். எல்லாத்துலயும் வெட்டி எடுத்தாச்சு. கனம் அதேதான், பயப்படாதிய.” அவள் திரையில் பச்சைக் கோடாக இருந்த சட்டத்தின் படத்திலும் மடிப்பை அழித்துவிட்டு, காற்றின் வேகத்தை மாற்றாமல், கணக்கை மறுபடி ஓடவிடுகிறாள். கறுப்புத் திரையில் அந்தப் பச்சைக் கோடு மெல்ல முறுக்கிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பெனிட்டோவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “இது சும்மா படந்தான மேடம்?” “மண்டபத்துல இன்னைக்கு யாரும் இருக்காங்களா?” அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். “இன்னைக்குத்தான் மொதக் கல்யாணம். இப்பம் அங்கன பந்தி நடக்கும்.” அவள் மண்டபத்து எண்ணைப் போனில் சுழற்றுகிறாள். மணி அடித்து அடித்து, கடைசியில் யாரோ எடுக்கிறார்கள். “எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!” “ஆரு? சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல!” மேளம் முழங்குகிறது. மேளத்துக்கும் மேலே கூரைத் தகடுகள் படபடவென்று அடித்துக்கொள்வது அவளுக்கு நன்றாகவே கேட்கிறது.