முள்ளு எதுக்கு?

“அவ்ளோ பெரிய மிருகத்துக்கு முள்ளு எதுக்கு நைனா? அத்த யாரு கடிக்கப்போறாங்க?” என்று, தீவில் முள் முளைத்த பெரிய மிருகம் இருப்பதாகச் சொன்ன படகோட்டி துளசிங்கத்திடம் அவன் மகள் ஒருநாள் கேட்டாள்.

இன்று அதையே ஒல்லாந்துக் கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி ஆதிகேசவன் கேட்டார். கஞ்சியோடு தீவுக்குக் கிளம்பிய துளசிங்கத்தை மறித்து அவன் படகில் ஏறியிருந்தார். கூடவே துப்பாக்கியோடு ஒல்லாந்துத் துரை. துளசிங்கம் ஊரெல்லாம் சொன்ன அந்தத் தீவு மிருகத்தைச் சுட வேண்டுமாம்.

“மூச்சுல வெசம்னு வேற சொல்றே. அப்போ மீனுங்க செத்து மிதக்கணுமே?”

“நண்டு தின்னுட்டிருக்கும் சாமி.”

“அந்த நண்டு சாவலியா?”

துளசிங்கம் கழியை அழுத்தி ஊன்றினான்.

“ஒத்த ஆளுக்கு இம்மாம்பெரிய கஞ்சிப் பானையா?”

தீவுப் புதருக்குள் ஏதோ முனகியது. துரை துப்பாக்கியைத் தூக்கினார். துபாஷி அவர் பாஷையில் அவசரமாக ஏதோ சொன்னார். முகம் வெளுத்த துரை, படகைத் திருப்பச் சொல்லிக் கைகாட்டினார்.

“இன்னா சொன்னீங்க சாமி?”

“குட்டி போட்டிருக்கு, கிட்ட போனா உடாதுன்னேன். எவ்ளோ பெரிசானாலும் முள்ளு குட்டிக்காகத்தானே.”

இருவரையும் கோட்டையில் இறக்கிவிட்டுத் துளசிங்கம் தனியே தீவுக்குத் திரும்பினான். துரையின் கப்பலில் அடிமையாக ஏற்றப்படும் முன் தப்பிவந்த காட்டூர்க்காரி, இரண்டு பிள்ளைகளோடு அந்தப் புதருக்குள் ஒடுங்கியிருந்தாள். பஞ்சத்தில் தன் வாசலில் வந்து நின்ற துளசிங்கத்தின் மகளுக்குத் தன் பிள்ளைகளின் கஞ்சியை ஊற்றியவள். அவளுக்கு அது நினைவில்லை. அவனும் சொன்னதில்லை.

பானையைப் புதரோரம் வைத்தான். அவள் வெளியே வருவதற்குள் படகைத் தள்ளினான்.