அடிஷனல் ஷீட்

“எல்லாரும் எழுந்து எழுந்து அடிஷனல் ஷீட் வாங்கறாங்க. நான் மட்டும் பேரை எழுதிட்டு சும்மா உக்காந்திருக்கேன்,” என்றாள் ஜோசப்பின், காபியை ஆற்றிக்கொண்டே.

“அதே கனவா?” என்றான் அவள் கணவன் அடைக்கலராஜ்.

“அதேதான். அதே நீலத் தாவணி. அதே கணக்குப் பரீட்சை. ஒரு கேள்வியும் புரியல. பின்னால ஒருத்தி ‘நூல் குடுங்க சார்’னு கேக்கறா. அவ முடிச்சுக் கட்டறா, நான் மொதக் கேள்வியிலயே நிக்கிறேன்.”

இந்தக் கனவு அவளுக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். பத்தாம் வகுப்பில் முதல் தடவை கணக்கில் இருபத்தொன்பது வாங்கினாளே, அன்றைக்குத் தொடங்கியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது, பிரசவத்துக்கு முந்தின நாளும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கண் விழித்ததும், ‘அப்பாடா, இனிமே நமக்கு ஏது பரீட்சை’ என்று ஆறுதல் பட்டுக்கொள்வாள். இன்றைக்கு அந்த ஆறுதலும் இல்லை. காலை பத்து மணிக்குச் செஞ்சியில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. ஜோசப்பின் போய் உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும்.

“நாலு நாளா சரியான தூக்கம் இல்லங்க. நான் சொதப்பினா ஒரு வருஷம் வீணாப் போயிடும்.”

“நீ ஏன் சொதப்பப் போற? உனக்குத்தான் கணக்குல ஒண்ணுமே தெரியாதே.”

“கிண்டலா?”

“மாதா மேல சத்தியமா இல்ல. உன்ன மாதிரி ஒண்ணும் தெரியாத ஆளு செஞ்சி தாலுகாவுலயே கெடைக்க மாட்டாங்க. தைரியமா கெளம்பு.”

அடைக்கலராஜ் அப்படித்தான். பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எந்தத் தாளைக் கண்டும் அவனுக்குப் பயம் கிடையாது.

அடுத்த வீட்டு மங்கை கையில் கணக்குப் புத்தகத்தோடு வந்தாள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள்.

“ஜோசப்பின், வா. நாலு ஃபார்முலா சொல்றேன். வண்டியில போவசொல்ல மனசுல ஓட்டிக்கினே போ.”

ஜோசப்பின் ஆசையாகக் கை நீட்டினாள். அதற்குள் அடைக்கலராஜ் குறுக்கே வந்து புத்தகத்தை வாங்கி மூடிவிட்டான்.

“வாணாங்கா. ஒரு எழுத்துகூட சொல்லிக் குடுக்காதீங்க. தெரிஞ்சா வம்பு.”

“இன்னா தம்பி நீங்க? எந்த நம்பர மேல போடறது, எத கீழ போடறதுன்னாவது தெரிய வாணாமா?”

“அதெல்லாம் அங்க போய் பாத்துக்கும்.”

ஜோசப்பினுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லது சொல்ல வந்த மனுஷியையும் துரத்துகிறான், தானும் உதவ மாட்டேன் என்கிறான். இவனைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டோம் என்று இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை கண்ணில் பட்டது. அப்புறம் அவன்தான் ஆரம்பித்தான்.

“பேனா எத்தினி எடுத்த?”

“நாலு.”

“போதும். கையெழுத்து மட்டும் அழகா இருக்கட்டும்.”

“கணக்குல கையெழுத்துக்கு எவன் மார்க் போடுவான்?”

“அது உன் கவலை இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. உள்ள போயி எதையும் யோசிக்காத. நீ யோசிச்சாதான் தப்பு வரும்.”

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, தம்ஸ் அப் காட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

வராண்டா கோடியில் இருந்த அறையைக் காட்டினார்கள். ஜோசப்பின் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் கேள்வித்தாளை அவள் முன்னால் வைத்தார். பார்த்தாள். கனவில் வந்த மாதிரியே ஒரு கேள்வியும் புரியவில்லை. ‘அந்தோணியாரே’ என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு முதல் பேனாவைத் திறந்தாள்.

திறந்தவள்தான், மூட நேரமில்லை. ஒரு கணக்கு அரைப் பக்கம் போனது. அடுத்தது ஒரு பக்கம். மேலே போடும் எண் மேலேயும் கீழே போடும் எண் கீழேயும் சரியாகப் போய் உட்கார்ந்தன. எழுதியதில் ஒரு வரிக்குக்கூட அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அழகாக எழுதினாள். பயம் போய், உற்சாகமே வந்துவிட்டது.

விடைத்தாளின் கடைசிப் பக்கமும் நிறைந்தது. ஜோசப்பின் எழுந்து நின்றாள்.

“சார், அடிஷனல் ஷீட். அப்படியே நூலும் குடுத்துடுங்க.”

தன் வாயால்தான் கேட்டோமா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. தாளை வாங்கிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

“மிஸ், அடுத்த கணக்கு சொல்லட்டா?” என்றாள் பக்கத்தில் இருந்த மாணவி சுவாதி, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. பரீட்சை அவளுடையது, கை ஒடிந்த அவள் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்குக் கணக்கு தெரியாத ஆசிரியர்தான் வேண்டும் என்று உத்தரவில் இருந்தது, அதற்கு நேர் கீழே தமிழாசிரியை ஜோசப்பின் பெயர் இருந்தது.