உள்பக்கக் கைப்பிடி

“அங்க பாருங்க. தெரியாத மாதிரி போனை நோண்டாதீங்க, பாருங்க!”

மனைவி இடித்த இடியில் இரும்புக்கடைக்காரர் நிமிர்ந்தார்.

மாமனார் வீட்டு வாசலில் சகலையின் கார் இருமிக்கொண்டே வந்து நின்றது. எத்தனை கை மாறியதோ, ஒரு விளக்குக்கு டேப் ஒட்டிய ஓட்டை வண்டி. சகலை இறங்கினான். வண்டியைச் சுற்றி ஓடினான். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினான். கொழுந்தியாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி இறங்கினாள்.

“நீங்களும் இருக்கீங்களே! வண்டி நிக்கிறதுக்குள்ள ‘இறங்கு இறங்கு, ஏசி வீணாப் போகுது’ன்னு கத்துவீங்க.”

கடைக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. மூட்டை தூக்கி, அடிபட்டு, பேரம் பேசியே மேலே வந்த மனுஷன். ஷோரூமில் புத்தம் புதுசாகக் கார் எடுத்திருக்கிறார். தான் வாங்கிய பொருளில் நொள்ளை இருக்கிறது என்று இன்றுவரை ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்டவரின் கார் பக்கத்திலேயே பளபளவென்று நிற்க, மாமியார் முதற்கொண்டு எல்லோரும் அந்தத் தகர டப்பாவைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள்!

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்து. இப்போதெல்லாம் மனைவி முன் சீட்டில் உட்காருவதே இல்லை. “எங்க உட்கார்ந்தா என்ன, நானேதானே இறங்கணும்” என்று பின் சீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தால், வாடகைக்கு ஏறியவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். டிரைவர் ஆகிப்போனார் கடைக்காரர்.

அன்று சகலையை மாடிப்படிக்கு அடியில் மடக்கினார்.

“யாருக்குப்பா இந்தப் படம் காட்டுறே?”

“படமெல்லாம் இல்லண்ணே.” சகலை அசடு வழிந்தான். “விலை குறைச்சலா வந்துச்சேன்னு அவசரப்பட்டு வாங்கிட்டேன். அந்தக் கதவுல உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யாது. வெளியேயிருந்துதான் திறக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே, மானம் போயிடும்.”

கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக மனைவியிடம் ஓடினார்.

“காதலுமில்லை, கத்திரிக்காயுமில்லை. கைப்பிடி உடைஞ்சு கிடக்கு!”

மனைவி அசரவில்லை. “சரி, அதுக்குக் கதவைத் திறந்தாப் போதுமே. கையை எதுக்குப் பிடிக்கிறாராம்?”

அவ்வளவுதான். அந்தக் கைப்பிடியைச் சரி பண்ணி, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டினால்தான் தனக்குத் தூக்கம் என்று ஆகிவிட்டது அவருக்கு. மறுநாள் காலையில், இரண்டு பேர் வண்டியையும் பார்க்கிற மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

“என் சகலை வண்டியில உள்பக்கக் கைப்பிடியை மாத்திடு. காசு நான் தர்றேன். நீ கேட்டதுதான் கூலி, பேரமே கிடையாது.”

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். “பேரம் கிடையாதா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே முதலாளி?”

“சொந்தக்காரன்பா. பாவம், கஷ்டப்படுறான். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.”

“சரியாப் போச்சு! அந்தக் கைப்பிடி விஷயத்துல ‘சொல்லிடாதே’ன்ன மூணாவது ஆள் நீங்க.”

“என்னய்யா உளர்றே?”

“வண்டி வாங்கின கையோட அதை மாட்டிக் குடுத்துட்டேன் முதலாளி. ‘வீட்ல சொல்லிடாதே, அவ கையைப் பிடிக்க எனக்கு இருக்கிற ஒரே சாக்கு அதுதான்’னாரு உங்க சகலை.”

“அடப்பாவி! அப்போ அவளை ஏமாத்திக்கிட்டா இருக்கான்?” கடைக்காரரின் முகம் மலர்ந்தது.

“எங்க! ஒருநாள் அவரு வண்டியை வாசல்ல நிறுத்திட்டு, விளக்குக்குப் பல்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு. அந்தம்மா தானே உள்ளேயிருந்து கதவைத் திறந்து இறங்கி, இங்க வந்து தண்ணி குடிச்சாங்க. அவரு தூரத்துல வர்றாருன்னதும் ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து உதட்டுல விரலை வச்சாங்க பாருங்க...”

கடைக்காரர் வண்டியில் ஏறினார்.

அன்று மாலை மனைவியைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்த் திரும்பினார். வீட்டு வாசலில் கார் நின்றது. பின் சீட்டில் மனைவி கைப்பிடியில் கை வைத்தாள்.

“இரு, இரு!”

இறங்கி, பம்பரில் முழங்காலை இடித்துக்கொண்டு சுற்றி ஓடினார். கதவைத் திறந்தார். பழக்கமில்லாத கையை, யாரிடமோ பாக்கி கேட்கிற மாதிரி நீட்டினார்.

“என்னங்க, நம்ம கதவும் கெட்டுப் போச்சா?”

“ஆமா. புதுசுன்னு நம்பி ஏமாந்துட்டேன்.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள்.

“முன்பக்கக் கதவு?”

“அதுவும்தான்.”